அப்பாவின் பென்ஷனில் அம்மாவுக்கு ஓர் ஆள்

துறைமுகமும் ஆலைகளும் வளர்த்த வடசென்னையில், வயதான பெற்றோரைக் கவனிக்க வீட்டுக்கு ஆள் வைப்பது இன்று பல குடும்பங்களின் பேச்சாகவும் கவலையாகவும் ஆகியிருக்கிறது. அந்தச் செலவை ஏற்பவர் யார், அந்த வேலையைச் சுமப்பவர் யார்?

பத்துக்குப் பத்தடி அறையில், பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்து சுவரோரக் கட்டிலில் கிடக்கும் மூதாட்டியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருக்களித்துப் படுக்க வைப்பது, பார்வைக்கு எளிதாகத் தோன்றினாலும் கைப்பழக்கம் வேண்டும் வேலையாகும். பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடை வரை உடலுக்கடியில் குறுக்காகச் செருகி, அதன் ஓரத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தால், தோல் மெத்தையில் உராயாமல் உடல் நகர்ந்துவரும். அப்படியின்றி அக்குளில் கைகொடுத்து இழுத்தால் இடுப்பெலும்புக்கு மேலுள்ள தோல் உரிந்து, சில நாள்களில் படுக்கைப்புண்ணாக மாறிவிடும். புரட்டிய பிறகு முதுகுக்கு ஒரு தலையணையும் முழங்கால்களுக்கு நடுவே ஒன்றும் வைத்து, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் மூன்றாவதையும் கொடுத்து, யூரின் பேக்கின் குழாய் மடங்காமல் இருக்கிறதா என்று பார்த்த பின்னர்தான் அந்தச் சுற்று முடிவடைகிறது. இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளில் டே டூட்டி, நைட் டூட்டி என்று முறை மாறி வீடுகளுக்கு வரும் பராமரிப்பாளர்கள் ஒரு டூட்டியில் ஐந்தாறு முறை செய்யும் இந்த வேலைக்கு விலை உண்டு. ஆனால் அந்த விலையைக் கொடுக்கும் வலிமை இப்பகுதியில் பெரும்பாலும் சம்பாதிக்கும் பிள்ளையிடம் இல்லாமல், படுக்கையில் இருக்கும் பெற்றோரின் பென்ஷன் புத்தகத்தில்தான் இருக்கிறது என்பது வடசென்னைக்கே உரிய நிலையாகும்.

ஒரே தெரு, மூன்று வகை முதுமை

தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தோர் 2011 கணக்கெடுப்பின்படி 10.4 விழுக்காடாக இருந்தனர்; தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை அந்த ஆண்டுக்கு 13.6 விழுக்காடு என்றும், 2031-இல் 18.2 விழுக்காடு என்றும் மதிப்பிட்டது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு உரியது. இந்தச் சராசரிக்குள் வடசென்னையின் முதுமை தனித்த ஒரு பொருளாதார வரலாற்றைக் கொண்டது.

1881-இல் இயங்கத் தொடங்கிய சென்னைத் துறைமுகம், 1948-இல் தொடங்கி எண்ணூர் ஆலையோடு அசோக் லேலண்டாக வளர்ந்த அசோக் மோட்டார்ஸ், 1955-இல் திருவொற்றியூரில் அமைந்த என்ஃபீல்டு ஆலை, 1970-இல் மின் உற்பத்தியைத் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம் ஆகியவை ஒரு தலைமுறைக்கு நிரந்தர வேலையைக் கொடுத்தன. அந்தத் தலைமுறைதான் இன்று முதுமையில் இருக்கிறது. துறைமுகத்திலோ மின்வாரியத்திலோ ஓய்வுபெற்றவருக்கு அகவிலைப்படியோடு கூடிய பென்ஷன் உண்டு. தனியார் ஆலையில் ஓய்வுபெற்றவருக்குத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் கீழ், அதாவது பி.எஃப். கணக்கோடு இணைந்து 1995-இல் தொடங்கப்பட்ட திட்டத்தின் கீழ், குறைந்தது 1,000 ரூபாய் முதல் சில ஆயிரங்கள் வரை கிடைக்கும். காசிமேட்டில் மீன்பிடித்தவருக்கும், மூட்டை தூக்கியவருக்கும், ஒப்பந்தக் கூலியாக ஆலை வாசல்களில் காலம் கழித்தவருக்கும், தகுதி இருந்தால், 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் உதவித்தொகை மட்டுமே உண்டு. ஒரே தெருவில் அடுத்தடுத்த கதவுகளுக்குப் பின்னால் வாழும் இந்த மூன்று வகையினருக்கும் நோய் ஒன்றாக இருந்தாலும் பராமரிப்பு ஒன்றாக அமைவதில்லை.

━━━━━━━━━━
பெட்டிச் செய்தி: மணிக்கு 37 ரூபாய் என்றால்?

வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாடு அரசு 2018-இல் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்தபோது அது மணிக்கு 37 ரூபாயில் தொடங்கியது. அதன் பிறகு ஏறிய விலைவாசியைக் கணக்கில் கொள்ளாமல், அந்தத் தொடக்கக் கூலியை மட்டும் வைத்துப் பார்த்தால்கூடக் கணக்கு இவ்வாறு வருகிறது.

• நாளுக்கு 12 மணி நேரம் வீதம் 30 நாளுக்கு 13,320 ரூபாய் ஆகும்.
• இரவு பகலாக 24 மணி நேரமும் ஆள் வேண்டுமென்றால் 26,640 ரூபாய் ஆகும்.
• முதியோர் உதவித்தொகையான 1,200 ரூபாயைக் கொண்டு மாதம் முழுவதற்குமாக 32 மணி நேரப் பராமரிப்பை மட்டுமே பெற முடியும்.
• தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் குறைந்தபட்சத் தொகையான 1,000 ரூபாய் 27 மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

டயப்பர், வாட்டர் பெட், மருந்து, ஏஜென்சி கமிஷன் ஆகியவை இக்கணக்கில் சேரவில்லை.
━━━━━━━━━━

பென்ஷன் சுருங்கும் வேளை

பென்ஷன் உள்ள குடும்பத்துக்கும் இச்செலவு எப்போதும் கட்டுப்படியாகும் என்று சொல்ல முடியாது. மத்திய அரசின் பழைய ஓய்வூதிய விதிப்படி முழுப் பணிக்காலம் முடித்தவருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷனாகக் கிடைக்கும். அவர் இறந்த பின் மனைவிக்குக் கிடைக்கும் குடும்ப ஓய்வூதியம், கூடுதல் விகிதத்தில் கிடைக்கும் தொடக்கக் காலம் கழிந்ததும், அதே சம்பளத்தில் 30 விழுக்காடாகக் குறையும். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று கொண்டால், அகவிலைப்படி நீங்கலாக அப்பாவின் பென்ஷன் 20,000 ரூபாய். அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் 12,000 ரூபாய். முதல் தொகையில் 12 மணி நேர டூட்டிக்கு ஆள் வைத்துவிட்டு மீதியில் வீட்டுச் செலவையும் ஓரளவு பார்க்கலாம்; இரண்டாம் தொகையில், 2018-ஆம் ஆண்டின் கூலிக் கணக்கில்கூட, அந்த ஒரு டூட்டியே தேறாது. தனியார் ஆலைத் தொழிலாளியின் மனைவிக்கோ கணவர் பெற்றுவந்த தொகையில் பாதிதான் கிடைக்கும்.

இந்தச் சுருக்கம் நேரும் வேளையும் கவனிக்கத் தக்கது. பெண்கள் பொதுவாகக் கணவரைவிட வயதில் இளையவர்களாகவும் ஆயுளில் நீண்டவர்களாகவும் இருப்பதால், முதலில் நோயில் விழும் கணவருக்கு முழுப் பென்ஷனும் இருக்கும். குளிப்பாட்டவும் ஊட்டவும் மனைவியும் இருப்பார். பல ஆண்டுகள் கழித்து அந்த மனைவி படுக்கையில் விழும்போது பென்ஷன் சுருங்கியிருக்கும், பக்கத்தில் இருந்து கவனிக்கத் துணையும் இருக்காது. அப்பாவின் நோய்க்காலத்தில் அம்மா கூலியின்றிச் செய்த வேலைக்கு, அம்மாவின் நோய்க்காலத்தில்தான் முதன்முதலாக ரூபாயில் விலை தெரியவருகிறது, "ஆள் வைத்தால் இவ்வளவு ஆகுமா?" என்று பிள்ளைகள் திகைக்கும் வேளை அது.

அந்தப் பிள்ளைகளின் வருமானம் இந்த இடைவெளியை நிரப்பும் நிலையில் பெரும்பாலும் இருப்பதில்லை. தந்தை நிரந்தரத் தொழிலாளியாக நுழைந்த அதே ஆலையிலோ சரக்குப் பெட்டக முனையத்திலோ மகன் ஒப்பந்ததாரரின் கீழ் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறார் என்பது இப்பகுதியில் பரவலாகக் காணப்படும் நிலையாகும். எனவே அம்மாவின் பென்ஷனை நம்பித்தான் ஆளுக்குச் சம்பளம் என்னும்போது, வீட்டுச் செலவுக்கும் அதே தொகையை நம்பியிருக்கும் அண்ணன் தம்பிகளுக்குள் பூசல் எழுகிறது. "அம்மா யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் பென்ஷனை எடுத்துக்கொள்ளட்டும்" என்ற பஞ்சாயத்துத் தீர்வு, பராமரிப்பை நேரம், திறன், ஓய்வு என்று பிரித்துப் பார்க்காமல் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரு மருமகளின் தலையில் வைத்துவிடுகிறது.

சட்டத்தின் வழியும் ஓரளவுக்கு மேல் உதவுவதில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007, வருமானமோ சொத்தோ போதாத பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கோர வழி செய்கிறது. ஆயினும் அத்தொகை மாதம் 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று அச்சட்டமே வரம்பிட்டிருக்கிறது. அந்த உச்சத் தொகை முழுவதும் கிடைத்தாலும், 37 ரூபாய்க் கணக்கில், நாளுக்கு 9 மணி நேரத்துக்கே அது போதும். இரவு முழுவதும் வெறுமையாகவே கிடக்கும். அந்த உச்ச வரம்பை நீக்கவும், வீட்டுப் பராமரிப்புச் சேவை நிறுவனங்களுக்குத் தரக்கட்டுப்பாடு கொண்டுவரவும் 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா, அந்த மக்களவையின் காலத்துக்குள் சட்டமாகவில்லை.

ஆள் வைக்க முடியாத வீட்டில்

பென்ஷன் இல்லாத வீட்டில் விலைக்கு வாங்க முடியாத பராமரிப்பு, வேலையை விட்டு நின்றுவிடும் ஒரு பெண்ணின் வருமானத்திலிருந்து வசூலாகிறது. மீன் விற்கும் மகளோ ஏற்றுமதி ஆடைத் தையலகத்துக்குப் போகும் மருமகளோ வீட்டில் நின்றுவிட்டால், மாதந்தோறும் இழக்கும் கூலி எந்தக் கணக்கிலும் செலவாக எழுதப்படுவதில்லை. அதனாலேயே அது இலவசம் என்று கருதப்படுகிறது. வேலையை விட முடியாதவர்கள் காலையில் ஊட்டி, டயப்பர் மாற்றி, தண்ணீர்ப் பாட்டிலைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்து, கதவை வெளியே பூட்டிக்கொண்டு போகிறார்கள். படுத்த நிலையில் தண்ணீர் குடிக்க முயன்று புரையேறுவதும், எழ முயன்று விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் அந்தப் பூட்டிய மணி நேரங்களில் நேரக்கூடியவை. அவ்வாறு நேர்ந்தால் ஸ்டான்லி மருத்துவமனை சிகிச்சையைக் கட்டணமின்றிக் கொடுக்கும். ஆனால் வார்டிலும் உடனிருக்க ஓர் ஆள் வேண்டும், டிஸ்சார்ஜ் ஆகி வீடு திரும்பினால் முன்னைவிடக் கூடுதலாக ஆள் வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடும் மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டமும் மருத்துவமனைச் செலவை ஏற்பவை. வீட்டில் இருந்து புரட்டிப் படுக்க வைக்கும் கைகளுக்கு அவற்றில் இடமில்லை.

வேலைக்கு வருபவர்

பராமரிப்புக்கு வரும் பெண்களில் பலர் அதே வடசென்னைக் குடியிருப்புகளிலிருந்தும், கும்மிடிப்பூண்டி மின்ரயில் தடத்தில் உள்ள மீஞ்சூர், பொன்னேரி போன்ற ஊர்களிலிருந்தும் வருபவர்கள். அவர்களை ஏஜென்சிகள் "ஹோம் நர்ஸ்" என்ற ஒரே பெயரில் அனுப்பினாலும் அப்பெயருக்குள் இரண்டு வேறு தொழில்கள் உள்ளன. செவிலியர் பட்டமோ பட்டயமோ பெற்று, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்தவரே ஊசி போடுதல், சிறுநீர்க் குழாய் மாற்றுதல், மூக்கு வழி உணவுக்குழாய் பொருத்துதல் ஆகியவற்றுக்கு உரியவர். அட்டெண்டர் அல்லது ஆயா என்று வழங்கப்படும் உதவியாளர் குளிப்பாட்டுதல், ஊட்டுதல், நடக்கத் துணைநிற்றல், புரட்டிப் படுக்க வைத்தல் ஆகியவற்றைச் செய்பவர். இவர்களுக்கெனச் சில மாதப் பயிற்சிகள் திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் இருந்தாலும், பயிற்சி இல்லாதவர் இவ்வேலைக்கு வரக்கூடாது என்று தடுக்க ஏதும் இல்லை. செவிலியருக்கான கட்டணம் கட்டுப்படியாகாத குடும்பம் ஆயாவையே குழாய் மாற்றச் சொல்வதும், மறுத்தால் வேலை போய்விடும் என்று அவர் இசைவதும் இரு தரப்பையும் ஆபத்தில் தள்ளுகின்றன.

வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கான நலவாரியம் தமிழ்நாட்டில் 2007-இல் அமைக்கப்பட்டது. அதில் பதிவு செய்தவருக்குப் பிள்ளைகளின் கல்வி உதவி, விபத்து உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவை உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாகக் கொள்கிறது. வீட்டுவேலை செய்யும் பெண் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவில் புகார் கொடுக்கலாம். ஆனால் வேலை நேரம், வார விடுமுறை, ஏஜென்சியின் பொறுப்பு ஆகியவற்றைத் தொகுத்துக் கூறும் தனிச் சட்டம் நாட்டளவில் இல்லை. வீட்டுவேலையாளர் உரிமைகளுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2011-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு ஆதரவாக வாக்களித்த இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. இத்தகைய சட்டத்தின் தேவையை ஆராயக் குழு அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

சட்டம் விட்ட இடைவெளியைப் பாசம் நிரப்பும்போது கூலி தேய்கிறது. "எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று சொல்லப்படும் பெண், அந்த உரிமையாலேயே சமையலுக்கும் பேரப்பிள்ளைகளின் துணி துவைப்பதற்கும் கேட்கப்படுகிறார். வீட்டுப் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுப்பு உண்டா என்ற கேள்வி எழுவதே இல்லை. 24 மணி நேர டூட்டி என்று பேசிக் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுப்பவர் இரவில் நான்கு முறை எழுப்பப்பட்டால், மறுநாள் மருந்து மாறிப்போவதற்கு அவருடைய அக்கறையின்மையைக் காரணமாகக் கூற முடியாது. தூக்கமின்மையே அதற்குக் காரணம். தன் உடலெடைக்கு மேற்பட்டவரைத் தனியாகத் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டால் அந்த வைத்தியச் செலவு யாருடையது என்பதை எந்த ஏஜென்சி ரசீதும் கூறுவதில்லை.

━━━━━━━━━━
பெட்டிச் செய்தி: ஆள் வைக்கும் முன் எழுதிக்கொள்ள வேண்டியவை

• வேலை நேரம், வார விடுமுறை, உணவு, தூங்கும் இடம் ஆகியவற்றைத் தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும்.
• முதியவரின் வேலைகள் எவை, குடும்பத்தின் வேலைகள் எவை என்று பிரித்து எழுத வேண்டும். பின்னவை வேண்டுமானால் அதற்குத் தனிக் கூலி பேச வேண்டும்.
• செவிலியர் என்று சொல்லப்படுபவரிடம் குழுமப் பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை.
• தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவை வழியாகப் பின்னணிச் சரிபார்ப்புக் கோரலாம்.
• மருந்து, உணவு, புரட்டிய நேரம், மலம் சிறுநீர் விவரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துவைத்தால் டூட்டி மாறும்போது தகவல் அறுபடாது.
• சாய்ந்து உட்கார வைத்தே ஊட்ட வேண்டும். ஊட்டிய பின் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது.
• முதியோர் உதவி எண் 14567, ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனைக்கு 104.
━━━━━━━━━━

மாடிப்படியும் நள்ளிரவும்

வடசென்னையில் பராமரிப்பு என்பது நோயோடு மட்டும் மல்லுக்கட்டுவதாக அமைவதில்லை. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பழைய அடுக்ககங்களில் லிஃப்ட் இல்லாததால், மூன்றாம் மாடியில் இருப்பவரை டாக்டரிடம் காட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கி இறக்க வேண்டும். அந்த நான்கு பேர் கிடைக்கும் நாளே பரிசோதனை நாளாகிறது.

எண்ணூரில் இந்த இடர் இன்னொரு வடிவம் எடுக்கிறது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் கொசஸ்தலை ஆற்றங்கரைக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் உர ஆலைக்கான கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னக்குப்பம் உள்ளிட்ட ஊர்களின் மக்கள் மூச்சுத்திணறலோடு வீட்டைவிட்டு வெளியேறினர். அத்தகைய இரவில் எழுந்து ஓட முடிந்தவர் ஓடலாம். படுக்கையில் இருப்பவரைச் சுமக்க இருவராவது வேண்டும், அவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்பதும் வெளியாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆலைகளைச் சுற்றியுள்ள பகுதிகளில் எழுந்து நடக்க முடியாதவர்களின் பட்டியலைப் பேரிடர்த் திட்டத்தின் பகுதியாக வைத்திருப்பது, பராமரிப்பைக் குடும்ப விவகாரமாக மட்டும் பார்க்கும் வரையில் எவருக்கும் தோன்றாது.

அரசு வாசல்வரை வருகிறது

வடசென்னைக்கு ஆதரவற்றோரைக் காக்கும் நீண்ட மரபு உண்டு. 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சி வார்க்கத் தொடங்கப்பட்ட மணியக்காரர் சத்திரம் இராயபுரத்தில் முதியோர் இல்லமாகத் தொடர்ந்தது. அதன் அருகே வளர்ந்து பின்னர் ஸ்டான்லியாக உருவெடுத்த மருத்துவமனைக்குக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்ற பெயர் மக்கள் வாயில் நெடுங்காலம் வழங்கியது. முதியோர் மருத்துவத்திலும் சென்னை முன்னோடி; டாக்டர் வி.எஸ்.நடராஜனின் முயற்சியால் 1978-இல் அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியது, 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. ஆனால் எண்ணூரிலிருந்து கிண்டிக்குப் போவது என்றால் நகரத்தையே குறுக்காகக் கடக்க வேண்டும்.

வீட்டை நோக்கி வரும் திட்டங்களும் உள்ளன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளையும் இயன்முறை சிகிச்சையையும் வலிதணிப்புச் சேவையையும் வாசலுக்குக் கொண்டுவருகிறது. முதியோருக்கு ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுசேர்க்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தண்டையார்பேட்டையில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. முதியோர் பகலில் தங்கிச்செல்லும் 25 அன்புச்சோலை மையங்கள் 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டன. மாத்திரையும் அரிசியும் வாசலைத் தாண்டி வந்துவிட்டன. வாசலுக்கு உள்ளே, கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய ஆள்தான் எந்தத் திட்டத்திலும் இல்லை. ஜெர்மனி 1995-லும் ஜப்பான் 2000-லும் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே கட்டாயக் காப்பீட்டைத் தொடங்கி இந்த இடத்தை நிரப்பின. கேரளம் 2008-இல் வலிதணிப்புக் கொள்கையை வகுத்து, உள்ளாட்சிகளையும் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களையும் இணைத்து, செவிலியரைப் படுக்கையருகே கொண்டுவந்தது.

ஒரே மாடிப்படியில் நான்கு வீடுகள்

வடசென்னையின் நெருக்கடியான குடியிருப்பு அமைப்பே இங்கு ஒரு வழியைக் காட்டுகிறது. தனித்தனிப் பங்களாக்களில் சாத்தியப்படாத ஒன்று அடுக்ககங்களில் சாத்தியம்: ஒரே பிளாக்கில் இருக்கும் நான்கு முதியவர்களை, வீட்டுக்கு இரண்டு மணி நேரம் வீதம், பயிற்சி பெற்ற ஒரே பராமரிப்பாளர் கவனிக்க முடியும். 37 ரூபாய்க் கணக்கில் வீட்டுக்கு மாதம் 2,220 ரூபாய் ஆகும்; கூலியை இரட்டிப்பாக்கி, பராமரிப்பாளருக்கு மாதம் 17,760 ரூபாய் கிடைக்கச் செய்தாலும் வீட்டுப் பங்கு 4,440 ரூபாய்தான். குளியல், ஒருவேளை உணவு, புண் பார்த்தல், உடற்பயிற்சி ஆகிய நான்கும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கும். மகளோ மருமகளோ வேலையை விடாமல் தொடர அது ஒன்றே பல வீடுகளில் போதுமானதாக இருக்கும். இரவுக் கண்காணிப்பு தேவைப்படும் கடுமையான நோயாளிகளுக்கு இது போதாது. ஆயினும் முழுநேர ஆள் அல்லது ஆளே இல்லை என்ற இரு முனைகளுக்கு நடுவில் இன்று ஏதும் இல்லாத இடத்தை இது நிரப்பும்.

இதற்கு வேண்டியவை மூன்று: மக்களைத் தேடி மருத்துவத்தின் பணியாளர்கள் வழியாக வட்டவாரியாகப் படுக்கை நோயாளிகளின் பட்டியல், மகளிர் சுய உதவிக் குழுவினருக்கு ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையில் பயிற்சியும் சான்றிதழும், முதியோர் உதவித்தொகையோடு பராமரிப்புக்கென்று தனியாகச் சேர்க்கப்படும் ஒரு தொகை. பட்டியலும் பயிற்சியும் இருக்கிற அமைப்புகளைக் கொண்டே தொடங்கக் கூடியவை. மூன்றாவதற்குத்தான் பணம் வேண்டும். அந்தப் பணம் இப்போதும் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. வேலையை விட்டு நிற்கும் மகளின் கூலியாகவும், ஓய்வின்றி உழைக்கும் ஆயாவின் உடல்நலமாகவும் அது கழிவதால் எந்த நிதிநிலை அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. அதை வரவு செலவில் எழுதத் தொடங்குவதே பராமரிப்பைத் தொழிலாக ஏற்பதன் முதல் படியாகும்.